ஒரு கோடு செதில்

என் பெயர் நவோமி. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு சென்னையில் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. பெயரைச் சொன்னதுமே "எந்த சர்ச்சுமா?" என்பார்கள். சர்ச் இல்லை, நாங்கள் யூதர்கள் என்றால், "அதான் கேக்குறேன், சி.எஸ்.ஐ.யா, ஆர்.சி.யா?" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நீதிபோதனை. என்னை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல் பாதி வருஷம் அங்கே, பாதி வருஷம் இங்கே என்று பந்தாடினார்கள். இரண்டு வகுப்பிலும் பரிசு வாங்கினேன் என்பது வேறு விஷயம்.

போன மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, டேனியலின் அப்பா அஷ்டம்கர் அங்கிளும் கிட்டத்தட்ட இதே கேள்வியோடுதான் தானே நகரத்திலிருந்து விமானத்தில் வந்தார். டேனியலும் யூதன்தான், எங்களைப் போலவே கொங்கணக் கரையிலிருந்து வந்த, வீட்டில் மராத்தி பேசுகிற குடும்பம். தேனாம்பேட்டையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் அவனைச் சந்தித்தபோது, இவ்வளவு பெரிய ஊரில் எனக்கென்று ஒருவனை ஆண்டவன் லிஃப்டில் ஏற்றி அனுப்பினான் என்றுதான் நினைத்தேன். இனி என்ன, கல்யாணம்தான் என்று இருந்தேன். அங்கிள்தான் முட்டுக்கட்டை போட்டார். "பெண் யூதப் பெண் என்கிறாய், சரி. தொழுகைக்குப் பத்து ஆண்கள் தேறாத ஊரில், மாதா கோயில் நிழலில் வளர்ந்த பெண். வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும். பார்க்காமல் சரி சொல்ல மாட்டேன்" என்று மகனிடம் போனில் சொல்லிவிட்டார். டேனியல் அப்பாவை மீறுகிறவன் இல்லை. எனக்கு அதில் கோபம் உண்டு, ஆனால் அவனிடம் பிடித்ததும் அதுதான், என்ன செய்ய.

எங்கள் வீடு சாந்தோமில் மூன்றாவது மாடி. அப்பா துறைமுக வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, இங்கேயே இருந்து, இங்கேயே போய்ச் சேர்ந்தவர். அம்மா பெயர் ரிவ்கா, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். தொழுகைக்கு ஆள் இல்லாவிட்டால் என்ன, அடுப்பு இருக்கிறதே என்பது அவள் கட்சி. எங்களிடம் மிச்சம் இருந்த மதம் பெரும்பாலும் சமையலறையில்தான் இருந்தது. அதில் பாதியை லூப் ரோடு மார்க்கெட்டில் மீன் விற்கும் ஜான்சி அக்கா கையில் ஒப்படைத்திருந்தோம்.

எங்களுக்குத் துடுப்பும் செதிலும் உள்ள மீன்தான் ஆகும். இறால், நண்டு, சுறா, கெளுத்தி எதுவும் வீட்டுக்குள் வராது. இதைச் சொல்லித்தான் அம்மா முதல்முதலில் ஜான்சி அக்காவிடம் மீன் வாங்கினாளாம். அன்றைக்கு ஆரம்பித்த தர்க்கம், நான் காலேஜ் முடித்து வேலைக்குப் போன பிறகும் ஓயவில்லை. ஜான்சி அக்கா நொச்சிக்குப்பத்துக்காரி, தினமும் பூசை பார்க்கிற கத்தோலிக்கப் பெண். வாய்க்குப் பூட்டு கிடையாது.

"ஏசு சாமியோட சீடரு எங்க ராயப்பரே மீன்காரருதான்க்கா. அவருக்கே வானத்துலருந்து துணி எறங்கி, எல்லா உசுரும் அதுல இருந்து, அல்லாத்தையும் அடிச்சி சாப்புடுன்னு கொரல் வந்துச்சு. நீ இன்னாடான்னா இன்னும் செதில் பாத்துகினு கீற."

"அவருக்குக் குரல் வந்துச்சு, அவர் சாப்பிட்டார். எனக்கு வரல."

"வரும்க்கா, காதைத் தொறந்து வெச்சிகினு இரு."

"நீ மட்டும் என்ன, வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டேங்கிற. சுத்தபோசனம்னு பேர் வேற. உனக்கு வாரத்துல ஒரு நாள் சுத்தபோசனம், எனக்கு ஏழு நாளும். அவ்வளவுதான் வித்தியாசம்."

உலகை மீட்க வரும் மெசியா பற்றிய சண்டை இன்னும் பெரிசு. அவர் வந்துவிட்டார் என்பது ஜான்சி அக்கா. வந்திருந்தால் கூவம் ஏன் இப்படி நாறுகிறது, அவர் வரும்போது உலகமே திருந்திவிடும் என்று எழுதியிருக்கிறதே என்பது அம்மா. "அவரு வந்தது நம்மள திருத்தக்கா. கூவத்த திருத்துறது நம்ம வேல" என்றாள் ஜான்சி அக்கா ஒருநாள். அம்மா அன்று மீனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு நாள் அதே யோசனையாக இருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை போய், எங்கள் வேதத்துக்குப் பழைய ஏற்பாடு என்று பெயர் வைத்த அநியாயத்தில் ஆரம்பித்தாள். "ஏற்பாடு செஞ்சவரு ரத்து பண்ணாதப்ப அது எப்படிப் பழசாகும்? இது என்ன, நேத்து வடிச்ச சோறா?" அதற்கு ஜான்சி அக்கா, "பழையதுதான்க்கா ஒடம்புக்கு நல்லது. நானே காத்தால அத்த துன்னுட்டுத்தான் வந்தேன்" என்றாள். சுற்றியிருந்த மீன்காரப் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துவிட்டாள்.

இவ்வளவு பேசினாலும் ஒரு விஷயத்தில் மட்டும் அம்மா விட்டுக்கொடுத்ததே இல்லை. மீனைத் தானே பொறுக்குவாள், திருப்பிப் பார்ப்பாள். ஜான்சி அக்கா சீவ ஆரம்பித்ததும், "ஒரு கோடு விடு ஜான்சி" என்பாள். அதாவது ஒரு பக்கத்தில் தலையிலிருந்து வால் வரை ஒரு விரல் அகலத்துக்குச் செதிலைச் சீவாமல் விட வேண்டும். துண்டு போட்ட பிறகும் ஒவ்வொரு துண்டிலும் செதில் தெரியும். அந்தக் கோட்டை வீட்டுக்கு வந்து நான்தான் சீவுவேன். வாரா வாரம் "ஒரு கோடு விடு" என்று சொல்லும்போதெல்லாம் ஜான்சி அக்காவின் உதடு ஒரு தினுசாக இறுகும். வெயிலில் உட்கார்ந்திருக்கிற எரிச்சல் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மாவும் டேனியலும் விமான நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. எனக்கு வீடு துடைக்கிற வேலை. மார்க்கெட்டுக்குப் போக ஆளில்லை. போதாக்குறைக்கு மீன்பிடித் தடைக்காலம். பெரிய போட்டெல்லாம் கரையில் கிடக்க, ஜான்சி அக்காவின் வீட்டுக்காரர் பிரசாத் அண்ணன் போன்றவர்களின் சின்ன ஃபைபர் போட் கொண்டுவருவதுதான் மீன். நல்ல கொடுவா ஒன்று மாட்டியிருப்பதாக ஜான்சி அக்கா காலையிலேயே போன் செய்துவிட்டாள். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே ஸ்பீக்கரில் பேசினாள். "என்னால வர முடியல ஜான்சி. இந்தத் தடவை நான் பாக்கல, உன்ன நம்பித்தான் விடறேன். என் பொண்ணு வாழ்க்கை, அதனால நல்லா சுத்தம் பண்ணிக் குடுத்தனுப்பு."

"நான் பாத்துக்குறேன்க்கா" என்றாள் ஜான்சி அக்கா. குரல் ஒரு மாதிரி கம்மியிருந்தது. விமான நிலையம் வரை டிராஃபிக் எப்படி இருக்குமோ என்ற கவலையில் அம்மா அதைக் கவனிக்கவில்லை. நானும்தான்.

அங்கிள் வந்து இறங்கிய விதமே சரியில்லை. வாட்ச்மேன் பாலு கேட்டைத் திறந்து, "கிறிஸ்டியன் வீடா சார்? தேர்டு ஃப்ளோர்" என்று வழி காட்டியிருக்கிறார். கூட அம்மா நின்றுகொண்டிருக்கும்போதே. இரண்டாவது மாடித் திருப்பத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வைத்த மாதா சுரூபம், மல்லிகைப் பூவோடு. எங்கள் சமையலறையில் ஜான்சி அக்கா வருஷா வருஷம் கொடுக்கும் அவளுடைய சர்ச் காலண்டர். அதில்தான் அம்மா எங்கள் பண்டிகைகளைப் பென்சிலால் குறித்து வைப்பாள், கட்டம் பெரிசு என்பதால். அதை எடுத்து ஒளித்து வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டையெல்லாம் துடைத்தவளுக்கு அது கண்ணில் படவில்லை.

அங்கிள் உயரமான மனிதர், வெள்ளைச் சட்டை, மெதுவான குரல். மனைவி இறந்த பிறகு சட்டதிட்டங்களில் ரொம்பக் கறாராகிவிட்டார் என்று டேனியல் சொல்லியிருந்தான். வாசல் நிலையில் அப்பா பதித்த மெசூசாவை, வேத வசனம் வைத்த அந்தச் சிமிழை, தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டார். அதற்கு ஒரு மதிப்பெண் கிடைத்தது என்று நினைத்தேன். அப்புறம் காலண்டரைப் பார்த்தார். ஏதாவது கேட்டிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

டீ குடித்துக்கொண்டிருந்தபோது பாலு ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவோடு மேலே வந்தார். "ஜான்சி குட்த்துட்டுப் போச்சுமா. அஷ்டமி சாருக்குன்னு ஸ்பெஷலாம்." அஷ்டம்கர் அதற்குள் அஷ்டமி ஆகிவிட்டிருந்தார். வந்து வாய்த்த நேரமும் அப்படித்தான் இருந்தது.

அம்மா டப்பாவைத் திறந்தாள். உள்ளே துண்டு துண்டாக மீன். மஞ்சள், உப்புப் போட்டு அலசி, தோலை முழுக்க உரித்து, ஓட்டலுக்குக் கொடுப்பது போல வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு செதில் இல்லை. ஒரு துடுப்பு இல்லை. தலையும் இல்லை. அம்மா மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

அங்கிள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "இது என்ன மீன்?" என்று மராத்தியில் கேட்டார்.

"கொடுவா. நீங்க ஜிதாடா என்பீர்களே, அதுதான்" என்றாள் அம்மா.

"நீங்க பார்த்தீர்களா?"

அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. "இல்லை."

"யாரிடம் வாங்கியது?"

"ஜான்சி. கிறிஸ்தவப் பெண். பல வருஷப் பழக்கம்."

அவர் தலையாட்டினார். "எனக்குக் காய்கறி போதும், சிரமப்படாதீர்கள்" என்றார். அது அவமதிப்பாகச் சொன்னது இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. திரும்பிப் போய் உட்கார்ந்து டேனியலிடம், "நாளைச் சாயந்தரம் ஓய்வு நாள் முடிந்ததும் பேசலாம்" என்றார். டேனியல் என்னைப் பார்த்தான். அவன் முகத்திலேயே பதில் எழுதியிருந்தது. மெசூசா, வெள்ளிக்கிழமை மெழுகுவர்த்தி, அம்மா இத்தனை வருஷம் ஒற்றை ஆளாகக் காப்பாற்றிய அத்தனையும் ஒரு டப்பா மீனில் முழுகிப் போய்விட்டது.

நான் பால்கனிக்குப் போய் ஜான்சி அக்காவுக்குப் போன் போட்டேன். என்ன பேசினேன் என்று சொல்ல விரும்பவில்லை. மரியாதையாகப் பேசவில்லை. அவள் "வந்துகினே கீறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

வந்தபோது நல்ல புடவையில் இருந்தாள், சாயந்தரப் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாளாம். கூடத்துக்குள் வராமல் சமையலறை வாசலில் நின்றாள். "இன்னாக்கா ஆச்சி? மீனு கெட்டுப் பூச்சா?"

"செதில் எங்க ஜான்சி?" என்றாள் அம்மா. "ஒரு கோடு விடச் சொல்வேனே."

"இன்னிக்கி நீ சொல்லலியே."

"வாரா வாரம் சொல்றதுதானே."

"வாரா வாரம் சொல்றது வேற." ஜான்சி அக்காவின் குரல் உடைந்தது. "வெட்டும்போது மீன மாத்திட்டு வேற மீன வெச்சிடுவேன்னுதான நீ கோடு விட சொல்ற? அந்த வேல பண்றவங்க மார்க்கெட்ல கீறாங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா நானு அப்டியா? எத்தினி வருசமா ஒனக்குப் போட்டுகினு கீறேன். மனசுக்குள்ள வெச்சிகினு ஒரு வார்த்த கேக்கலக்கா. இன்னிக்கித்தான் நீ வாயத் தொறந்து, உன்ன நம்பி விடறேன்னு சொன்ன. எனக்கு அழுவையே வந்துடுச்சி. அக்காவே நம்பிட்ட பெறகு கோடு எதுக்கு, ஒரு செதில் இல்லாம தொடச்சிக் குடுக்கணும்னு ஒக்காந்து சீவுனேன்."

அம்மா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மெசியாவைப் பற்றிப் பேசினார்கள், ராயப்பரைப் பற்றிப் பேசினார்கள், கூவத்தைப் பற்றிக்கூடப் பேசினார்கள். வாரா வாரம் ஒருத்தி மனசைக் குத்திக்கொண்டிருந்த ஒரு விரல் அகலத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசவே இல்லை. "அது உனக்காக இல்ல ஜான்சி" என்று அம்மா ஏதோ ஆரம்பித்தாள். போனில் பேசியது நினைவுக்கு வந்து, நான் குழாயைத் திறந்துவிட்டுத் தேவையில்லாமல் ஒரு டம்ளரைக் கழுவினேன்.

"அந்தத் தாயி என்ன சொல்கிறார்?" என்று பின்னால் குரல் கேட்டது. அங்கிள் கூடத்திலிருந்து வந்து நின்றிருந்தார். மராத்தியில் 'தாயி' என்றால் அக்கா. ஜான்சி அக்கா காதில் அது தமிழாக விழுந்தது. இவ்வளவு பெரிய மனிதர் தன்னைத் தாயே என்று கூப்பிடுகிறாரே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அதை நான் திருத்தவில்லை. இன்று வரைக்கும் திருத்தவில்லை.

நான் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் மழுப்பவில்லை. கோபத்தில் இருக்கும்போது நான் நல்ல மொழிபெயர்ப்பாளர்.

அவர் கேட்டு முடித்துவிட்டு என்னிடம் சொன்னார். "அவரிடம் சொல். இது அவரை நம்பாததால் இல்லை. நானே தூண்டில் போட்டுப் பிடித்தாலும் செதிலைப் பார்த்த பிறகுதான் சாப்பிடுவேன். என்னையே நான் நம்ப மாட்டேன்."

ஜான்சி அக்கா அதைக் கேட்டு யோசித்தாள். "எங்களுக்கு விசுவாசந்தான் எல்லாம்னு சொல்லு. நம்புனா போதும். நம்பறதுக்கு மேல கண்ணால பாக்க இன்னா கீது?"

"எங்களுக்கும் நம்பிக்கை உண்டு" என்றார் அங்கிள். "ஆனால் கடவுள் எங்களை நம்பச் சொன்ன இடங்களைவிடப் பார்க்கச் சொன்ன, செய்யச் சொன்ன இடங்கள்தான் அதிகம்."

"அப்ப நம்பாதவங்கன்னு ஒத்துக்கினீங்க."

நான் இதைக் கொஞ்சம் நயமாக மாற்றலாமா என்று பார்த்தேன். மாற்றாமலே சொன்னேன். அங்கிளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"தலை எங்கே?" என்று கேட்டார்.

"வடக்கத்திக்காரங்க தலைய பாத்தா பயப்படுவாங்கன்னு எங்கூட்டுக்கே எட்துகினு பூட்டேன். ஏன்?"

"தலையில் செதில் இருந்ததா?"

"கழுத்துகிட்ட இருந்துச்சி. அத்த எதுக்கு சீவணும், எங்கூட்டுக்குத்தான."

அங்கிள் சட்டென்று நிமிர்ந்து நின்றார். "எங்கள் சட்டத்தில் ஒரு இடம் இருக்கிறது" என்று வேகமாகச் சொல்ல ஆரம்பித்தார். வெட்டிய மீன் வந்து, ஒரு துண்டில் மட்டும் செதில் இருந்தால், மற்ற துண்டுகளை அதோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டுமாம். வெட்டும் வெட்டும் பொருந்தினால் எல்லாம் ஒரே மீன், அத்தனையும் ஆகும். பொருந்தாவிட்டால் செதில் உள்ள துண்டு மட்டும். "டப்பாவைத் திறந்ததிலிருந்து நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு செதில்கூட இல்லையே என்றுதான் வாயை மூடிக்கொண்டேன்" என்றார்.

நான் அவரைத் தப்பாக எடை போட்டிருந்தேன். அவர் எங்களை ஒதுக்குவதற்குச் சட்டத்தைத் தேடவில்லை. எங்கள் மீனைச் சாப்பிடுவதற்கு வழி தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஜான்சி அக்கா அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தாள். "யோவ், தலைய கொழம்புல போட்டுடாத. போட்டுட்டியா?"

எல்லோரும் போனையே பார்த்தோம். அங்கிள் பின்னாலேயே வந்திருந்த டேனியல் என் கையைப் பிடித்தான், அவன் அப்பா எதிரிலேயே.

"கொழம்பு கொதிச்சிகினு கீது" என்று பிரசாத் அண்ணனின் குரல் வெளியே கேட்டது. "புளி பத்தலன்னு வெயிட் பண்ணிகினு கீறேன். இன்னும் போடல."

அவருடைய புளி பத்தாமல் போனதற்கு நான் எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பைக்கில் தலை வந்து சேர்ந்தது, ஒரு தூக்குவாளிக்குள். வெளியே வெயில் தணிய ஆரம்பித்திருந்தது. சூரியன் இறங்குவதற்குள் சமைத்து முடித்தாக வேண்டும், அதற்குப் பிறகு ஓய்வு நாள், அடுப்பைத் தொடக் கூடாது.

சாப்பாட்டு மேஜையில் அம்மா ஒரு வாழை இலையை விரித்தாள். அங்கிள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தலையை இலையின் நுனியில் வைத்தார். கழுத்தோரம் வெள்ளிச் செதில்கள் வரிசையாக மின்னின. ஜான்சி அக்கா அடுத்த துண்டை எடுத்துக் கொடுக்கக் கை நீட்டினாள். "வேண்டாம், நானே கண்டுபிடிக்க வேண்டும்" என்றார். ஒவ்வொரு துண்டாக எடுத்து, நடு முள்ளைப் பார்த்து, வெட்டின் சாய்வைப் பார்த்து, வைத்து, எடுத்து, வேறு துண்டை வைத்தார். முதல் துண்டு தலையோடு வந்து பொருந்தியபோது ஒரு சின்ன 'ம்' சொன்னார். அடுத்தது பொருந்தியது. அதற்கடுத்தது. நாங்கள் நான்கு பேரும் மேஜையைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெட்டி அலசிப் போட்ட மீன் இலை மேல் மறுபடி மீனாகிக்கொண்டிருந்தது.

வால் பக்கம் வரை வந்தபோது இரண்டு துண்டு மிச்சம் நின்றது. அங்கே வைத்துப் பார்த்தார், இங்கே வைத்துப் பார்த்தார். அகலம் சரியாக இருந்தும் முள் ஒத்து வரவில்லை. அவர் இரண்டையும் இலைக்கு வெளியே வைத்தார். "இது இந்த மீன் இல்லை."

நான் மொழிபெயர்த்ததும் ஜான்சி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கரீட்டு. அது வஞ்சரம். விருந்தாச்சே, கூட ரெண்டு இருக்கட்டும்னு நான்தான் போட்டேன். தோலு இல்லாம நானே பாத்தாலும் கொழம்புவேன், பெரியவரு கண்டுபுடிச்சிட்டாரே."

"மற்றதெல்லாம் ஒரே மீன்" என்றார் அங்கிள். "எல்லாத் துண்டையும் நன்றாகக் கழுவிவிடுங்கள். சாப்பிடலாம்."

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த நேரத்தில் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, பரீட்சை முடிவு, வேலை உத்தரவு எதற்கும் அப்படி வந்ததில்லை.

ஜான்சி அக்கா மட்டும் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்று தோன்றிவிட்டால் சொல்லாமல் இருக்க முடியாது. "பாப்பா, பெரியவரண்ட இத்த சொல்லு. பழைய ஏற்பாடு தல மாதிரி, புதிய ஏற்பாடு ஒடம்பு மாதிரி. ரெண்டும் இப்டித்தான் கரீட்டா சேருது. ஒரே மீனு. இத்தத்தான் நான் அக்காவாண்ட எத்தினி வருசமா சொல்லிகினு கீறேன்."

இவ்வளவு தூரம் வந்த பிறகு இது தேவையா என்று நினைத்தேன். ஆனால் அவளுக்கு நான் ஒரு கடன் பட்டிருந்தேன், போனில் கத்தியதற்கு. அப்படியே சொன்னேன்.

அங்கிள் கோபப்படவில்லை. கையைக் கழுவி, துடைத்து, நிதானமாகச் சொன்னார். "சண்டையே அங்கேதான். சேருகிறது என்கிறீர்கள் நீங்கள். வெட்டு சேரவில்லை என்கிறோம் நாங்கள். இரண்டாயிரம் வருஷமாக வைத்து வைத்துப் பார்க்கிறோம், எங்களுக்குச் சேரவில்லை." பிறகு அந்த இரண்டு வஞ்சரத் துண்டுகளையும் ஒரு சுத்தமான தட்டில் எடுத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். "இது உங்களுடையது."

"அப்ப எங்க மீனு கெட்ட மீனா?"

"அப்படிச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத மீன்."

ஜான்சி அக்கா தட்டை வாங்கிக்கொண்டாள். கொஞ்சம் முறைத்தாள், அப்புறம், "இருக்கட்டும், எங்கூட்டுக் கொழம்புல ஒரு தல கொறையுது" என்றாள். தலையை அம்மா கொடுக்க மாட்டாள் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தேங்காயை அரைக்க ஓடினாள், நான் வாணலியை ஏற்றினேன், டேனியல் வெங்காயம் உரிக்கிறேன் என்று கண்ணீர் விட்டான். அங்கிள் காலண்டர் முன்னால் நின்று, வெள்ளிக்கிழமைக் கட்டங்களில் அம்மாவின் பென்சில் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார். மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டிய நேரத்தை வாரா வாரம் அம்மா பொடி எழுத்தில் குறித்திருந்தாள், புனிதர்களின் பெயர்களுக்குக் கீழே.

ஜான்சி அக்கா கிளம்பினாள். பூசை ஆரம்பித்திருக்கும். அம்மா வாசல் வரை போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "செதில் பாக்கறது உன்ன சந்தேகப்பட்டு இல்ல ஜான்சி. முதல் நாளே சொல்லியிருக்கணும்."

"இப்ப தெரிஞ்சிகினேன்ல, வுடு. அடுத்த வாரத்துலருந்து ரெண்டு கோடு வுடறேன். வூட்ல பாப்பா சீவிகினு கெடக்கட்டும்."

அப்போது அங்கிள் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டார். "தாயியிடம் ஒன்று கேள். தொழுகைக்கு ஒரு சினகாக் இல்லாத ஊரில் மீன்காரம்மாவுக்கு வாரா வாரம் செதில் விடத் தெரிந்திருக்கிறது என்றால், இந்த வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று நான் வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதைச் சொல்லு. சொல்லிவிட்டு, கல்யாண வீட்டுக்குப் போதுமான மீன் வேண்டுமென்றால் எவ்வளவு நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று கேள்."

நான் வாயைத் திறந்தேன். மராத்தியும் வரவில்லை, தமிழும் வரவில்லை. அழுகைதான் வந்தது. டேனியல் வெங்காயக் கையோடு ஓடி வந்தான். அம்மா ஒரு கையால் ஜான்சி அக்காவையும் மறுகையால் என்னையும் பிடித்துக்கொண்டு, தட்டுத்தடுமாறித் தானே தமிழில் சொன்னாள்.

ஜான்சி அக்கா வஞ்சரத் தட்டோடு படியில் நின்றபடி கேட்டுக்கொண்டாள். "தடைக்காலம் முடியட்டும். மொத போட்டு வந்ததும் சொல்றேன்" என்றாள். இரண்டு படி இறங்கியவள் நின்று, அங்கிளை ஏறிட்டுப் பார்த்து, நேராக அவரிடமே தமிழில் கேட்டாள். "செதிலோடயா, செதில் இல்லாமலா?"

நான் மொழிபெயர்க்கவில்லை. அன்று சாயந்தரம் அந்த வீட்டில் அத்தனை பேர் வாயிலும் புழங்கிய ஒரு சொல்லை அவர் பிடித்து வைத்திருந்தார்.

"செதிலோட" என்றார் அங்கிள்.